ஒன்பது மணிக்கு மேல் விளையாட ஆள் இல்லை

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் விளையாட விட்டிருக்கிறோம் என்று சொன்னதும் எல்லாரும் படிப்பைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். எழுத்து எப்படி வரும், கணக்கு எப்படி வரும், நாளைக்கு ஒரு வேலைக்குப் போக வேண்டாமா என்பார்கள். அந்தக் கவலை எங்களுக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றாடம் நாங்கள் பட்ட பாடு வேறு. காலை எட்டு மணியிலிருந்து மஞ்சள் வேன்கள் ஒவ்வொன்றாக வரும். ஒன்பது அடிக்கும்போது தெருவில் ஒரு பிள்ளையும் மிச்சம் இருக்காது. மூன்று வயதுப் பொடிசுகூட ப்ரீகேஜி பையை மாட்டிக்கொண்டு போயிருக்கும். விளையாடட்டும் என்றுதான் வீட்டில் வைத்தோம், கூட விளையாட ஆள் இல்லை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. அன்ஸ்கூலிங் என்கிற இந்த வழியில் இறங்கலாமா என்று என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் என்ன புத்தகம் வாங்கலாம், என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் ஆளைத் தேடுங்கள் என்கிறேன். சாமான் எங்கும் ஓடிப் போகாது.

எங்கள் வீடு கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் போகிற வழியில் இருக்கிறது. சுற்றிலும் தென்னை, பாக்கு, வாழை. வீட்டுக்காரர் பம்புசெட் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கெழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறேன். மகளுக்கு எட்டு வயது. மகனுக்கு ஆறு ஆகப் போகிறது.

மகள் மட்டும் எல்கேஜி போனாள். பெரிய கொடுமை எதுவும் நடந்துவிடவில்லை. ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் என்று பக்கம் பக்கமாகக் கோடு போடச் சொன்னார்கள், எல்லாப் பள்ளியிலும் சொல்வதுதான். நான் கவனித்தது அவள் விளையாட்டை. அதற்கு முன்னால் ஒரு நாள் நாய்க்குட்டியாக இருப்பாள், இன்னொரு நாள் பஸ் டிரைவர், இன்னொரு நாள் கல்யாண வீட்டுக்கு வந்த அத்தை. பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரே விளையாட்டு. தலையணைகளை வரிசையாக உட்கார வைப்பாள், ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொள்வாள், “ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்” என்பாள். அதற்கப்புறம் அந்த விளையாட்டில் எதுவும் நடக்காது. தலையணைகள் பேசாமல் உட்கார்ந்திருக்கும், இவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். யுகேஜிக்குப் பணம் கட்டும் நேரம் வந்தபோது நாங்கள் கட்டவில்லை.

பள்ளியை விட்ட மறுநாளே பிள்ளை துள்ளிக் குதித்து விளையாடப் போய்விடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அவள் என் காலடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். “அம்மா, இப்ப என்ன பண்ணட்டும்?” இது முடிந்ததும், “முடிச்சுட்டேன், நல்லா இருக்கா?” ஒவ்வொன்றுக்கும் ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் டிக் போட வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பல அம்மாக்கள் தளர்ந்துபோய் ஒர்க்‌ஷீட் அச்செடுக்க ஆரம்பிக்கிறார்கள்.

அன்ஸ்கூலிங் என்ற பெயரை 1977-ல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் ஹோல்ட். வகுப்பறையில் பல வருடம் இருந்து, பள்ளியை உள்ளிருந்தே திருத்தலாம் என்று நம்பி, பிறகு அந்த நம்பிக்கையைக் கைவிட்ட அமெரிக்க ஆசிரியர். வீட்டுக்கல்வி என்றால் பள்ளிப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, டீச்சர் நாற்காலியில் அம்மா உட்காருவது. அன்ஸ்கூலிங்கில் அந்த நாற்காலியே கிடையாது. பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்த குடும்பங்கள் தங்களுக்குள் ஒரு கணக்குச் சொல்லிக்கொள்வார்கள்: பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் பாடம் என்ற பேச்சே எடுக்காமல் விட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாதம் போதவில்லை. மழைக்காலம் முழுக்க அவள் “போரடிக்குது” என்பாள், நான் “சரி” என்பேன். அவ்வளவுதான். யோசனை சொல்லத் தொடங்கினால் அன்றைக்கு முழுக்க நாமே யோசனை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சருகை ஊதிப் பார்ப்பாள். பெரிய சருகு மெதுவாக இறங்கும், சின்னது சுற்றிக்கொண்டே இறங்கும். அரை மணி நேரம் அதிலேயே போகும். அதைப் பார்த்து நான் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை.

வாயைத் திறக்காமல் இருப்பது சொல்லும் அளவுக்குச் சுலபம் இல்லை. மண்ணில் கோட்டை கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் போய், “இது எத்தனை கதவு? எண்ணு பார்க்கலாம்” என்று கேட்காத பெரியவர் நம் ஊரில் எத்தனை பேர்? கேட்டவுடன் விளையாட்டு நின்றுவிடும். பிள்ளை எண்ணும், நம் முகத்தைப் பார்க்கும், கோட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். பாராட்டும் அப்படித்தான். “சூப்பர்டா கண்ணு” என்று சொன்ன அடுத்த நிமிடம் அதேபோல் இன்னொன்று செய்து கொண்டுவந்து நீட்டுவான், விளையாடுவதை விட்டு நமக்காகச் செய்ய ஆரம்பித்திருப்பான். கேட்டால் பதில் சொல்லலாம், கூப்பிட்டால் போகலாம், அடிபட்டால் ஓடலாம். மற்ற நேரம் கண்ணில் படுகிற தூரத்தில் நம் வேலையை நாம் பார்ப்பது நல்லது. என் வீட்டுக்காரருக்கு இது இன்னும் பிடிபடவில்லை. லேத்காரர் ஆயிற்றே, எதையாவது கோணலாக வைத்திருந்தால் போய் நேராக்கி வைத்துவிட்டு வருவார்.

அடுத்தது நேரம். காலைப் பலகாரத்திலிருந்து மதியச் சாப்பாடு வரை எங்கள் வீட்டில் பிள்ளைகளை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. கடைக்குக் கூட்டிப் போவது, முடி வெட்டுவது, சொந்தக்காரர் வீடு எல்லாம் மதியத்துக்கு மேல். காரணம் இதுதான்: நாலு பிள்ளைகள் சேர்ந்தால் முதல் ஒரு மணி நேரம் விளையாட்டே நடக்காது. யார் டாக்டர், யார் கம்பவுண்டர், யாருக்கு அடிபட்டிருக்கிறது, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று பேச்சுவார்த்தை நடக்கும். கோபித்துக்கொண்டு ஒருத்தி போவாள், சமாதானமாகித் திரும்பி வருவாள். பார்க்கிறவர்களுக்கு வெட்டிச் சண்டை மாதிரி இருக்கும். ஆனால் விட்டுக்கொடுப்பது, வாதாடுவது, விதி போடுவது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை இழுத்துப் பிடித்தால் கம்பவுண்டர் நியமனம்கூட முடியாது.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். 1943-ல், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த கோபன்ஹேகன் நகரத்தில் எம்ட்ரப் என்ற பகுதியில் ஒரு விளையாட்டுத் திடல் திறந்தார்கள். ஊஞ்சல் இல்லை, சறுக்குமரம் இல்லை. பலகை, செங்கல், கயிறு, மண், சுத்தியல். சோரன்சன் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளரின் யோசனை அது. தான் அமைத்த அழகான பூங்காக்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கிற இடத்திலும் குப்பை மேட்டிலும் போய் விளையாடுவதை அவர் பார்த்திருந்தார். பிறகு 1971-ல் சைமன் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயச் சிற்பி இதையே ஒரு கொள்கையாக எழுதினார்: நகர்த்த, அடுக்க, பிரிக்க, மாற்ற முடிகிற உதிரிப் பொருள்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பிள்ளைகளின் கற்பனை வேலை செய்யும் என்று. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைப் பெற்ற எங்கள் அம்மிச்சி வீட்டுக் கொல்லை அப்படித்தான் கிடந்தது, யாரும் அதற்குக் கொள்கை எழுதவில்லை.

நாங்கள் புறக்கடையில் ஒரு மூலையைக் குவியலுக்கு ஒதுக்கினோம். தென்னம்பாளை, பாக்கு மட்டை, கொட்டாங்குச்சி, பழைய சொட்டுநீர்க் குழாய், சைக்கிள் ட்யூப், உடைந்த ஓடு, சாக்கு, பட்டறையில் கழித்த மரப்பெட்டி, ஒரு லோடு ஆற்று மணலுக்குப் பதிலாக எம்சாண்ட். பாக்கு மட்டையில் ஒருவர் உட்கார, இன்னொருவர் ஓலை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவது இன்றைக்கும் அலுக்காத விளையாட்டு. ஒரு விஷயம் மட்டும் பெரியவர்கள் செய்தாக வேண்டும். காலையில் ஒரு தடிக் குச்சியால் குவியலைத் தட்டிப் புரட்டிவிட வேண்டும். எங்கள் பக்கம் பாம்பும் தேளும் சாதாரணம்.

வெயில் காலத்தில் நுங்கு வண்டி. நுங்கைக் குடித்த பிறகு மிஞ்சும் வெறும் காய்க்குக் கூந்தல் என்று பெயர். இரண்டு கூந்தல்களை ஒரு குச்சியின் இரு முனையிலும் குத்தி, நடுக்குச்சியில் கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுவது. மகன் செய்த வண்டி நேராகவே போகவில்லை. எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் இடது பக்கமே வளைந்து கொய்யா மரத்தில் போய் இடித்தது. கவட்டையை மாற்றினான், குச்சியை மாற்றினான், தரையைப் பெருக்கினான். அக்கா வந்து வண்டியைத் தூக்கி இடம் வலமாகத் திருப்பி வைத்தாள். இப்போது வலது பக்கம் வளைந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மகன் இரண்டு கூந்தலையும் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றை வைத்தான். ஒன்று சின்னது. “சின்ன சக்கரம் பக்கமா போகுதுடீ!” என்று கத்தினான். ஒரு சுற்றுக்குச் சின்னச் சக்கரம் கொஞ்ச தூரம்தான் போகும், பெரியது அதைச் சுற்றிக்கொண்டு வரும். இதை என் வீட்டுக்காரர் எப்போதோ பாலிடெக்னிக்கில் படித்திருப்பார். அன்றைக்கு அவர் திண்ணையில் உட்கார்ந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். அவர் அடக்கிக்கொண்டு இருந்தது எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம்.

அதற்கப்புறம் அவன் வேண்டுமென்றே சின்னதும் பெரியதுமாகப் பொறுக்கி வட்டமடிக்கிற வண்டி செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லா நாளும் இப்படி இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பல நாள் ஒன்றுமே நடக்காது. தண்ணீரை ஊற்றிச் சேறாக்கி, சேற்றை அள்ளிச் சுவரில் அடித்து, அதற்கு நான் கத்தி, அவ்வளவில் முடிந்துவிடும். எதையாவது கற்றார்களா என்று ராத்திரி கணக்குப் பார்க்கும் பழக்கத்தை விட்டால்தான் இந்த வழியில் நிம்மதியாக இருக்க முடியும். கணக்கெழுதுவதே தொழிலாக இருக்கிற எனக்கு அது லேசில் வரவில்லை.

எங்கள் அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, இது எதுவும் பிடிக்கவில்லை. அவர் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னார்: “என்னைய அஞ்சாவதோட நிறுத்திப்போட்டாங்க அம்மிணி. ஆட்டுக்கு ஆள் வேணும்னு. காமராஜர் போட்ட சோத்துக்காகவே பள்ளிக்கூடம் போனோம். எங்களுக்குக் கெடைக்காததை நீங்க வேண்டாங்கறீங்க.” இதற்குப் பதில் சொல்ல எந்த அமெரிக்க ஆசிரியரும் உதவ மாட்டார். இந்த ஊரில் பள்ளிக்கூடம் என்பது பலபேர் போராடி வாங்கிய இடம். நாங்கள் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதென்றால், நாங்கள் படித்திருக்கிறோம், வீட்டிலிருந்தே சம்பாதிக்க வழியிருக்கிறது, தோற்றால் தாங்கிக்கொள்ள ஒரு பட்டறை இருக்கிறது. கூலிக்குப் போகிற ஒரு தாய்க்கு அன்ஸ்கூலிங் என்று யாராவது அறிவுரை சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். அந்தப் பிள்ளைக்கு அங்கன்வாடியும் சத்துணவும் பள்ளிக்கூடமும்தான் பாதுகாப்பு.

அத்தையை வாதாடி ஜெயிக்க நாங்கள் முயற்சி செய்யவில்லை. அவரிடம் தாயக்கட்டை இருந்தது. மதியம் சாப்பிட்டு முடித்ததும் தாழ்வாரத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டு உட்காருவார். இரண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்றதில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. இரண்டையும் கூட்டிக் காய் நகர்த்த வேண்டும். இரண்டு கட்டையும் வெறும் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு. “ரெண்டுலயும் ஒண்ணுமே இல்லயே அப்பத்தா, எப்படி பன்னண்டு?” என்று மகள் விடவே இல்லை. “அது அப்படித்தான் சாமி, ஆட்டத்தோட சட்டம்” என்றார் அத்தை. சட்டம் மனிதர்கள் சேர்ந்து வைத்துக்கொள்வது என்பது அவளுக்கு அன்றைக்குப் புரிந்திருக்க வேண்டும். அடுத்த வாரமே தம்பியோடு ஆடும்போது இரண்டு மூன்று விழுந்தால் இருபது என்று புதுச் சட்டம் போட்டாள், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டல் பற்றி நான் ஒரு நாளும் பேசியதில்லை. காயை வெட்ட இன்னும் எத்தனை விழ வேண்டும் என்று கணக்குப் போடுகிறவளுக்குக் கழித்தல் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அத்தைக்கும் இது படிப்புதான் என்று ஒரு மாதிரி சமாதானம் வந்தது. பாதிச் சமாதானம்.

வாசிப்பு வந்தது பஸ்ஸில். எங்கள் ரோட்டில் நின்றால் காந்திபுரம், உக்கடம், பூலுவபட்டி, வடவள்ளி என்று போர்டு மாட்டிய பஸ்கள் வரும். எந்த பஸ்ஸில் ஏறினால் அம்மிச்சி வீட்டுக்கு மாறிப் போக உக்கடம் வரும் என்பது அவளுக்கு முக்கியமான விஷயம். முதலில் பஸ்ஸின் நிறத்தை வைத்துச் சொன்னாள், தவறியது. அப்புறம் ‘உ’வை மட்டும் பிடித்துக்கொண்டாள். ‘ம்’ பல ஊர் முடிவிலும் வருகிறது என்று கண்டுபிடித்தாள். காந்திபுரம், உக்கடம், ராமநாதபுரம், கவுண்டம்பாளையம். ஐந்தரை வயதில் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மகன் அப்படி இல்லை. அவனுக்கு இன்னும் தன் பெயரும் ‘பால்’, ‘மோர்’ என்ற இரண்டு வார்த்தையும்தான் தெரியும், அதுவும் பாக்கெட்டைப் பார்த்து. பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளி தொடங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதோடு தினமும் ராத்திரி கதைப் புத்தகம் படித்துக் காட்டுகிறேன். காத்திருப்பது வேறு, கண்டுகொள்ளாமல் விடுவது வேறு. பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா, கண் தெரிகிறதா, பேச்சு வயதுக்கேற்ப இருக்கிறதா என்று மருத்துவரிடம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும். நாங்கள் பார்த்தோம்.

கல்யாண வீடுகளில் பரீட்சை நடக்கும். ஒரு பெரியப்பா மகனைப் பிடித்து நிறுத்தி “ஏ பி சி டி சொல்லு பார்க்கலாம்” என்பார். இவன் அவர் மீசையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். “அவன் பம்பரம் நல்லா விடுவானுங்க பெரியப்பா, கையில் ஏத்தச் சொல்லுங்க” என்று நான் பேச்சை மாற்றிவிடுவேன். கொள்கை விளக்கம் கொடுக்கும் இடம் பந்தி இல்லை.

சரி, ஆள் பிரச்சினைக்கு வருவோம். முதல் வழி, நேரத்தை ஊரோடு பொருத்திக்கொள்வது. நாலரை மணிக்கு வேன் திரும்பும். ட்யூஷன் ஆறு மணிக்கு. அந்த ஒன்றரை மணி நேரம் எங்கள் வீட்டுக் கேட் திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம், சேறாகலாம், வீட்டுக்குப் போகும் முன் குழாயடியில் கால் கழுவிக்கொள்ளலாம். ஆரம்பத்தில் மற்ற அம்மாக்கள் தயங்கினார்கள். நான் வடையோ சுண்டலோ போட்டுவைத்தேன், தயக்கம் குறைந்தது. சனி, ஞாயிறு எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தோம், ஏனென்றால் ஊர்ப் பிள்ளைகள் கிடைப்பது அன்றைக்குத்தான். எங்கள் வாரவிடுமுறை செவ்வாய், புதனில் வரும். வ.உ.சி. பூங்காவும் வனக்கல்லூரி வளாகத்தில் 1902-ல் தொடங்கிய காஸ் அருங்காட்சியகமும் வேலை நாளில் காலியாக இருக்கும்.

இரண்டாவது வழி, இதே மாதிரி பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கிற குடும்பங்கள். கோவையைச் சுற்றிச் சில இருக்கின்றன. வாரம் ஒரு வீட்டில் கூடுகிறோம். இதில் ஒரு எச்சரிக்கை: அம்மாக்கள் கூடினால் உடனே கைவேலை வகுப்பு, கதை சொல்லும் வகுப்பு என்று அட்டவணை போட ஆரம்பிப்போம். நாங்கள் அதைப் போட்டுப் பார்த்து எடுத்துவிட்டோம். இப்போது பிள்ளைகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்கிறோம். வயதைப் பிரிக்காமல் விடுவது முக்கியம். பத்து வயதுப் பையன் இருந்தால் ஐந்து வயதுக்காரன் அவன் வாயையே பார்த்துக் கற்றுக்கொள்கிறான். பெரியவனும் சின்னவன் அழாமல் ஆட்டத்தை நடத்தப் பழகுகிறான். கிட்டிப்புள்ளில் சின்னவனுக்கு மூன்று தடவை அடிக்கச் சலுகை, பாண்டியில் கோட்டை மிதித்தாலும் ‘உப்புக்குச் சப்பாணி’ என்று விட்டுவிடுவார்கள். பள்ளியில் ஒரே வயது நாற்பது பேரை ஒரே அறையில் வைத்தால் இது எங்கிருந்து வரும்?

ஆபத்து விஷயத்தில் எங்கள் வீட்டுச் சட்டம் கொஞ்சம்தான். மரத்தில் யாரையும் தூக்கி ஏற்றிவிட மாட்டோம். தானாக ஏற முடிகிற உயரத்திலிருந்து பெரும்பாலும் தானாக இறங்கவும் முடியும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுக்கொடுத்தது எங்கள் செலவு. தார் ரோட்டில் விளையாட்டு கிடையாது, அதற்கு விவாதமும் கிடையாது. சாயங்காலம் இருட்டினால் உள்ளே, இந்தப் பக்கம் யானை இறங்கும். சின்னக் கத்தியால் பீன்ஸ் வெட்டுவது, அடுப்பு மூட்டிக் கூட்டாஞ்சோறு ஆக்குவது எல்லாம் உண்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்.

போன் பற்றி இந்த வழியில் போகிறவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எல்லாவற்றிலும் சுதந்திரம் என்றால் போனிலும் சுதந்திரம்தானே என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. கைக்கெட்டும் இடத்தில் போன் இருக்கிற வீட்டில் சருகை ஊதிப் பார்க்கிற பிள்ளை இருக்காது. “போரடிக்குது” என்பதைத் தாண்டித்தான் விளையாட்டு வரும், போன் அதைத் தாண்டவே விடாது. எங்கள் வீட்டில் பகலில் போன் என் வேலைக்கு மட்டும்.

அந்த வேலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சம்பாத்தியத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிள்ளைகள் நன்றாக விளையாடப் பழகிய பிறகு காலை நேரத்தில் எனக்கு நிம்மதியாக வேலை ஓடுகிறது. ஆனால் மாதாமாதம் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு 11-ம் தேதி, வரி கட்டும் 3பி-க்கு 20-ம் தேதி. அந்தத் தேதிகளை ஒட்டி நான் மனுஷியாக இருக்க மாட்டேன். அந்த நாட்களில் பிள்ளைகள் கிணத்துக்கடவுப் பக்கம் அம்மிச்சி வீட்டுக்குப் போய்விடுவார்கள், அல்லது வீட்டுக்காரர் பட்டறைக்கு மதியத்துக்கு மேல்தான் போவார். இப்படி ஓர் ஏற்பாடு இல்லாமல் அம்மா ஒருத்தி தலையிலேயே எல்லாவற்றையும் கட்டினால் இது ஓராண்டுகூடத் தாங்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டில் வைத்துக் கற்பிக்கலாம் என்றோ கூடாது என்றோ வெளிப்படையாகச் சொல்லவும் இல்லை. 4-வது பிரிவுதான் எங்களைப் போன்றவர்களுக்கு ஆறுதல்: இதுவரை பள்ளியில் சேராத பிள்ளை எப்போது வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பள்ளியே வேண்டாம் என்று தொடர்ந்தால், 14 வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்தார். அத்தை பதறிவிட்டார். டீ கொடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னோம். ஆசிரியை நுங்கு வண்டியைப் பார்த்தார், மகளைப் பஞ்சாங்கத் தாளைப் படிக்கச் சொன்னார், பேரைக் குறித்துக்கொண்டார். “எப்ப வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க, நம்ம ஸ்கூல்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் போக வேண்டும் என்று கேட்டது மகள்தான். நாலரை மணி வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது, தோழிகள் இருவர் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். அவள் முடிவு செய்யட்டும் என்று பேசிக்கொண்டே இவ்வளவு தூரம் வந்த பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இந்த ஜூனில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பார்த்து உட்கார வைக்கிறார்கள். தமிழுக்கு மலர், கணக்குக்கு மொட்டு, ஆங்கிலத்துக்கு அரும்பு. ஆங்கிலம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது எழுதும் வேகம். படிப்பாள், வாயால் சொல்வாள், ஆனால் போர்டில் எழுதியதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் ஆசிரியை அழித்துவிடுவார். விளையாட்டில் நிறைய வரும், நிறுத்தாமல் பத்து வரி எழுதுகிற கைப்பழக்கம் மட்டும் தானாக வராது. பள்ளிக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் சேர்வதற்குச் சில மாதம் முன்பே கடிதம், கடைக்குச் சீட்டு என்று எழுத வைத்துவிடுங்கள். அவள் சொல்லும் குறை வேறு: “இன்டர்வெல்ல ஆள் பிரிக்கறதுக்குள்ள பெல் அடிச்சர்றாங்கம்மா.”

சேர்க்கப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். எல்கேஜியோ யுகேஜியோ எங்காவது படித்திருந்தால் அந்தப் பள்ளியின் எமிஸ் பதிவில், அதாவது கல்வித் துறையின் மாணவர் விவரக் கணினிப் பதிவில், பிள்ளையின் பெயர் இன்னும் இருக்கும். அவர்கள் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளியில் ஏற்ற முடியும். பழைய கட்டணப் பாக்கி ஏதாவது இருந்தால் இழுத்தடிப்பார்கள், அதை ஏப்ரல் மாதமே போய் முடித்துவிடுவது நல்லது.